ஜூன் மாதம் எழுதிய அரையாண்டுத் தேர்வு

1

நான் இந்த ஊருக்கு வந்து போன வியாழக்கிழமையோடு ஒரு வருஷம் ஆயிற்று. ஜெர்மனியின் வடக்கில் இருக்கும் சின்னப் பல்கலைக்கழக ஊர் இது. உணவு அறிவியலில் முதுகலை படிக்கிறேன். நெல் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு, அரிசியைப் பற்றிப் படிக்க இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று நீடாமங்கலத்தில் எல்லோரும் கேட்டாயிற்று. நல்ல பதில் ஒன்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வருஷம் நிறைந்த அந்த நாளின் காலையை ஓர் அலுவலகத்தில் கழித்தேன். ஓர் உதவித்தொகைக்காகப் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழ்களையும் பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், 'தேர்வு எழுதிய நாள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார். தேர்வு கொரோனாவில் ரத்தாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ரத்தானதற்கும் தோற்றுப்போனதற்கும் இவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒருவழியாகப் புரிந்த பிறகு, தேர்வே நடக்கவில்லையென்றால் கணக்கில் இந்த எண்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். குத்தலாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டத்தை நிரப்பவேண்டுமே என்றுதான் கேட்டார்.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நடந்த தேர்வுகளை வைத்துப் போட்ட மதிப்பெண் என்றேன். சரி, அவற்றின் தேதி என்ன என்றார். கடைசித் தேர்வு டிசம்பரில் என்று சொல்லும்போது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று சாயங்காலமே பவித்ராவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பத்தாவது வரை நானும் அவளும் ஒரே பெஞ்சு. இப்போது எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளுக்கு டோக்கன் போட்டுக் கொடுக்கிறாள். அவளுடைய தங்கை காவ்யா இந்த வருஷம் பத்தாவது, கணக்குச் சுத்தமாக வரவில்லை. "நீதான நம்ம செட்டுல கணக்குல அத்தன மார்க்கு எடுத்தவ. ஞாயித்துக்கிழமைல கொஞ்சம் போன்ல சொல்லிக் குடேன் நஸ்ரி" என்றாள். மூன்று நாள் நான் பதில் போடவில்லை. அந்த மூன்று நாளில் நினைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் அத்தாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம் எல்லாம் எங்கள் கடையில் காகிதப் பொட்டலம்தான். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது மற்ற கடைக்காரர்கள் திண்டாடினார்கள், அத்தா அசரவில்லை. பள்ளிக்கூடத்துப் பழைய விடைத்தாள்களை எடைக்கு வாங்கி வைத்திருப்பார். முழுநீளத் தாள், மொறமொறவென்று இருக்கும், போட்ட மடிப்பு நிற்கும். எந்த வீட்டுப் பிள்ளை வரலாற்றில் என்ன கதை விட்டிருக்கிறது என்பது, ஊரில் சீரகப் பொட்டலம் பிரிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் தமிழம்மா ஒருமுறை தான் திருத்திய தாளிலேயே கொத்தமல்லி விதை வாங்கிப்போய், அடுத்த நாள் வகுப்பில் சொல்லிச் சிரித்தார்.

நான் பத்தாவது படித்த வருஷம் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் மயிலாடுதுறையில் மாமா மகள் கல்யாணம். மருதாணியும் பிரியாணியுமாக ஒரு வாரம் ஆடிவிட்டு வந்து கணக்குப் பரீட்சை எழுதினேன். முப்பத்தெட்டு. பொங்கல் விடுமுறை முடிந்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். அத்தாவின் கையெழுத்தை நானே போட்டேன். சாரிடம் காட்டிய பிறகு தாளைக் கடைக்குக் கொண்டுபோய், பொட்டலக் காகிதக் கட்டின் நடுவில் செருகிவிட்டேன். ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. பப்ளிக் பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு.

பவித்ராவுக்கு நாற்பத்தாறு. அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அந்த டிசம்பரில் அவள் அம்மா செல்வியக்கா காய்ச்சலில் மூட்டெல்லாம் பிடித்துக் கிடந்தார். அவருக்குப் பதிலாக இவள் விடியற்காலையில் வயலில் இறங்கிக் களை பறித்துவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு பரீட்சைக்கு வந்தாள். செல்வியக்கா அந்தத் தாளில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். பிறகு ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையில் அதையும் வைத்தார். பள்ளிக்கூடத்து முத்திரை உள்ள எந்தக் காகிதத்தையும் அவர் தூக்கிப் போடமாட்டார்.

3

மார்ச் கடைசியில் பரீட்சை என்று இருந்தோம், ஊரடங்கு வந்துவிட்டது. பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். பிறகு இன்னொரு தேதி சொன்னார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள்.

கடையை மத்தியானம் ஒரு மணிக்கு அடைத்துவிட வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து அத்தா பகலில் வீட்டில் இருந்தது அப்போதுதான். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்படி டப்பாக்களைக் கடையில் அடுக்குகிற வரிசையில் அடுக்கிவைத்தார். அம்மா உப்பைத் தேடிச் சலித்துப்போய், கடையைக் கடையோடு விட்டுவிட்டு வரச் சொன்னார். தம்பி இர்பான் எட்டாவதா ஏழாவதா என்று அத்தா என்னிடம் ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வீட்டில் ஒரே ஒரு நல்ல போன். காலையில் அதில் மளிகை ஆர்டர் வரும். ஒன்றிலிருந்து மூன்று வரை எனக்கு, அதன்பிறகு இர்பானுக்கு. அவனுடைய ஆன்லைன் வகுப்பு எந்த நேரத்தில் விளையாட்டாக மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை. அப்போது மூலையில் போய் உட்கார்ந்தவன் இன்னும் முழுசாக எழுந்துவரவில்லை. இப்போதும் நான் வீடியோவில் கூப்பிட்டால் 'ம்' என்பான், அம்மா கேட்கச் சொன்னால் இங்கே குளிருகிறதா என்று கேட்பான், அவ்வளவுதான். அந்த மாதங்களில் அவனை யாராவது அதட்டி வெளியே இழுத்திருக்கலாம். நானே இழுத்திருக்கலாம்.

நோன்பு வந்தது. பள்ளிவாசல் கஞ்சி இல்லாத முதல் நோன்பு. நாலு பேருக்கு மட்டும் கஞ்சி காய்ச்ச அம்மாவுக்கு அளவு பிடிபடவே பத்து நாள் ஆயிற்று. கூடத்தில் அத்தா முன்னால் நிற்க நாங்கள் தொழுதோம். சாயங்காலம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அம்மா ஜன்னலை அடைத்துவிடுவார்.

எனக்கு மட்டும் அந்த மாதங்கள் ஒருவகையில் நல்ல காலமாக இருந்தன. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பவித்ராவும் நானும் கணக்குப் படித்தோம். அவள் வீட்டில் பட்டன் போன்தான், கணக்கு சார் அனுப்பும் படங்களை அதில் பார்க்க முடியாது. அதனால் கடைக்கு வரும்போது மளிகைச் சீட்டின் அடியில் தனக்கு வராத கணக்கை எழுதிக்கொண்டு வருவாள். துவரம்பருப்பு கால், புளி நூறு, அதற்குக் கீழே ஒரு கூட்டுத்தொடர். கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தில் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே நான் உள்ளே உட்கார்ந்து போட்டுவிடுவேன். அந்தத் தாளில் அத்தா மிளகைக் கொட்டி மடித்து, கிழிக்காமல் பிரிக்கச் சொல்லி அவளிடம் கொடுப்பார். வடிவியலில் அவள்தான் எனக்கு வாத்தியார். தொடுகோடு வரைவதை அவள் ஆறு படமாகப் போட்டுக் கொடுத்த பிறகு நான் தப்பாக வரைந்ததே இல்லை. ஜூன் பிறந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் கணக்குப் புத்தகத்தில் தெரியாத பக்கம் கிடையாது. அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை, அதற்குப் பதினொன்றில் முதல் குரூப் வேண்டும். எனக்கும் முதல் குரூப்தான் வேண்டும்.

அப்போதுதான் பரீட்சையே கிடையாது, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மார்க்கையும் வருகையையும் வைத்துச் சான்றிதழ் தருவார்களாம். இர்பான் கைதட்டினான். எனக்குப் பொட்டலக் கட்டில் செருகிய முப்பத்தெட்டுதான் நினைவுக்கு வந்தது.

4

இரண்டு நாளில் கணக்கு சார் அத்தாவின் போனுக்குக் கூப்பிட்டார். அரையாண்டு விடைத்தாளைப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும், பதிவேட்டில் மார்க்கு பென்சிலில்தான் இருக்கிறது, இன்னும் மையால் ஏற்றவில்லை என்றார். அத்தா என்னைப் பார்த்தார். தாள் கடைக்குப் போய்விட்டது என்றேன். எப்படிப் போனது என்று கேட்டார். அவரே புரிந்துகொண்டு, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தெட்டு என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க மடித்துவைத்திருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினோம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கிடைத்தது, யாரோ ஒருவனுடைய ஆங்கிலக் கடிதம் கிடைத்தது. என் தாள் கிடைக்கவில்லை. அத்தா கையை உதறிக்கொண்டு, "எவங்க வீட்டு ரசத்துக்குப் போச்சோ" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி சார் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. "தாள் இல்லாத புள்ளைங்க வீட்டுலயே திருப்பி எழுதிக் கொண்டாந்துரட்டும் பாய். கேள்வித்தாள அனுப்புறேன். பழைய தேதியே போட்டுரச் சொல்லுங்க. வெளில பேசிக்க வேணாம்" என்றார். அவர் குரலிலும் தெம்பு இல்லை.

அத்தா வெகுநேரம் யோசித்தார். எடை போடும்போது தட்டில் ஒரு மிளகு கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் தாங்காத மனுஷர் அவர். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது. மறுநாள் கடையை அடைத்துவிட்டு வரும்போது கடைக் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். கூடத்தில் பாய் போட்டு என்னை உட்காரவைத்தார். புத்தகங்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். இர்பானை மாடிக்கு அனுப்பினார். இரண்டு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவர், இரண்டரை மணி நேரம் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ சொல்லப் போனார், அத்தா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நாலரைக்குக் கடைசிக் கணக்கில் ஒரு வரி பாக்கி இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் கேட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று தாளை வாங்கிக்கொண்டார்.

முதல் பக்கத்தில் நான் டிசம்பர் தேதியைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உள்ள இருக்கறதெல்லாம் நெசந்தானம்மா?" என்று கேட்டார்.

"நெசந்தான் அத்தா. எதையும் பாத்து எழுதல."

"அப்பச் சரி" என்று தாளை மடிக்காமல் அட்டைக்குள் வைத்தார்.

5

தாளைக் கொடுக்க அத்தாவின் வண்டியில் போனபோது ரயில்வே கேட் போட்டிருந்தது. ஊரடங்கில் பயணிகள் ரயில் ஒன்றும் ஓடவில்லை. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் மட்டும் வரும், வந்தால் எப்போதும் போல நிதானமாகத்தான் போகும். எங்கள் பள்ளிக்கூடம் கேட்டுக்கு அந்தப் பக்கம். அத்தா வண்டியை நிறுத்திவிட்டு யாருடனோ பேசப் போனார். பவித்ரா நடந்துவந்து என் பக்கத்தில் நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, சிரிக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது, அம்மா குறுவை நடவுக்குப் போய்விட்டார், அதனால்தான் தனியாக வந்தேன் என்றாள்.

கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. எல்லாப் பாடத் தாளும் ஒன்று விடாமல் இருப்பதாகச் சொன்னாள். கணக்குத் தாளை மட்டும் பாதி வெளியே இழுத்து, "இந்தச் சனியனத்தான் தொலச்சிருக்கணும்" என்றாள். பிறகு, "உன்னோடது இருக்கா?" என்று கேட்டாள்.

நான் இருக்கிறது என்றேன்.

ரயில் அப்போது பாதிகூடப் போயிருக்கவில்லை. சொல்வதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. சார் சொன்னதையெல்லாம் சொல்லியிருக்கலாம். தாளை உறைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போ, தொலைந்துவிட்டது என்று சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளியில் பேசவேண்டாம் என்று சார் சொல்லியிருந்தார், அதனால் சொல்லவில்லை என்று பல வருஷம் என்னையே நம்பவைத்திருந்தேன். அது உண்மையில்லை. முதல் குரூப்பில் இடம் கொஞ்சம்தான். பவித்ரா திரும்ப எழுதினால் என்னைவிட ஒரு மார்க்காவது கூட வாங்குவாள் என்று எனக்குத் தெரியும். நான் பயந்தேன்.

கேட் திறந்தது. அத்தா வந்து வண்டியை எடுத்தார்.

திரும்ப எழுதிய தாளுக்குத் தொண்ணூற்றொன்று விழுந்தது, எல்லாம் சேர்த்துச் சான்றிதழில் எண்பத்தாறு வந்தது. முதல் குரூப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பவித்ராவின் பெயர் வணிகவியலில் இருந்தது. அவள் பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பரவால்ல" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பவிக்கு ஏன் வேறு குரூப் என்று அத்தா கேட்டார். அவளே விரும்பித்தான் எடுத்தாள் என்று சொல்லிவிட்டேன்.

6

இங்கே ஒவ்வொரு பரீட்சைத் தாளின் தலையிலும் ஓர் உறுதிமொழி இருக்கிறது. இதில் உள்ளது என் சொந்த உழைப்பு, யாருடைய உதவியும் பெறவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேள்வியைப் பார்க்கவேண்டும். ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கை ஒரு கணம் நிற்கிறது.

பவித்ராவுக்குப் பதில் போடாத மூன்றாம் நாள் அத்தாவைக் கூப்பிட்டேன். நாம் அன்று செய்தது சரியா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நீ பாத்து எழுதலயே. நான்தான் எதுக்க ஒக்காந்திருந்தேனே" என்றார்.

"பவிக்கும் நீங்க ஒக்காந்திருக்கலாம்ல அத்தா?"

தராசில் யாரோ எதையோ வைக்கிற ஓசை கேட்டது. பிறகு சொன்னார்: "அது எனக்குத் தோணலம்மா. ஒனக்குத் தோணுச்சா?"

தோன்றியது என்றேன். கடையில் ஆள் நிற்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு நாளாக அவர் என்னைக் கூப்பிடவில்லை. அம்மாதான் பேசுகிறார்.

நேற்றுப் பவித்ராவிடம் பேசினேன். கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். காவ்யாவைப் பற்றி ஆரம்பித்தாள். அவளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலக் கட்டில் ஒளித்ததைச் சொன்னேன், முப்பத்தெட்டைச் சொன்னேன், சார் போனில் சொன்னதைச் சொன்னேன், அத்தா கடிகாரத்தோடு உட்கார்ந்ததைச் சொன்னேன். கேட் அருகே நான் பேசாமல் நின்றதற்கு என்ன காரணம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நடுவில் யாரோ வந்து டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். பதினாலாம் நம்பர், உட்காருங்கள் என்று அவள் சொன்னது கேட்டது.

நான் முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நஸ்ரி" என்றாள். "தொலைக்கிறது என்ன பெரிய வேலையா? ஆத்துல போட்டுட்டு வந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். அவள் டோக்கன் நம்பர் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். அந்தப் பக்கம் பதினஞ்சு, பதினாறு என்று கூப்பிட்டுவிட்டு மறுபடி பேசினாள்.

"காவ்யா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் கூப்புடுவா. அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நல்லா சொல்லிக் குடு."

சரி என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.